பின் நம்பரை மாற்றலாம், விரலை மாற்ற முடியுமா?

9 அக்டோபர் 2025, காலை 11.20 (கேள்வி)

யூபிஐயில் இனி பின் நம்பர் போடாமல் கைரேகை வைத்தே பணம் அனுப்பலாம் என்று செய்தி வந்திருக்கிறது. எனக்கு இது பிடிக்கவில்லை. பின் நம்பர் யாருக்காவது தெரிந்துவிட்டால் அஞ்சு நிமிஷத்தில் மாற்றிவிடலாம். ரேகை திருடுபோனால் விரலையா மாற்ற முடியும்? குடித்து வைக்கிற டீ கிளாஸில்கூட ரேகை பதிகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

9 அக்டோபர், மதியம் 2.05

திண்டுக்கல்லில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன், பதினான்கு வருஷமாகிறது. ரேகை விழவில்லை என்று தினமும் இரண்டு பேராவது வருவார்கள். அதனால் இந்தப் பேச்சில் எனக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

டீ கிளாஸ் பயம் பொய்யில்லை. 2013 செப்டம்பரில் ஐபோன் 5எஸ் விற்பனைக்கு வந்தது, ஹோம் பட்டனிலேயே ரேகை சென்சார். ஓரிரு நாளில் ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்ற ஹேக்கர் கூட்டம் அதை ஏமாற்றிக் காட்டியது. கண்ணாடியில் பதிந்த ரேகையைப் படமெடுத்து, பிளாஸ்டிக் தாளில் மை கெட்டியாக விழும்படி அச்சடித்து, அதன்மேல் மரவேலைக் கோந்தை ஊற்றிக் காயவைத்து உரித்தார்கள். உரித்ததை வாயால் ஊதி லேசாக ஈரப்படுத்தி வைத்தால் போன் திறந்துகொண்டது. அடுத்த வருஷம் அதே கூட்டத்தைச் சேர்ந்தவர் ஜெர்மன் பாதுகாப்பு அமைச்சரின் கட்டைவிரல் ரேகையைப் பத்திரிகைப் படங்களிலிருந்தே எடுத்துக் காட்டினார். கிளாஸ்கூடத் தேவைப்படவில்லை.

ஆனால் ரேகையை மட்டும் வைத்துக்கொண்டு திருடன் என்ன செய்வான்? உங்கள் போனும் அவன் கையில் இருக்க வேண்டும். பின் நம்பருக்கும் அப்படித்தான் என்பீர்கள். சரி, ஆனால் பின் நம்பரைத் தெரிந்துகொள்ளக் கோந்து காய்ச்ச வேண்டாம், பக்கத்தில் நின்றால் போதும். நான் கடையில் உட்கார்ந்தபடி ஒரு நாளைக்குப் பத்துப் பேருடைய நம்பரைப் பார்த்துவிடுகிறேன், பார்க்கக் கூடாது என்று நினைத்தாலும். 19 என்று தொடங்கினாலே மிச்சம் பிறந்த வருஷம்தான்.

ஒரு முறைக்கு 5,000 ரூபாய் வரைக்கும்தான் ரேகை செல்லும், அதுவும் வேண்டுமென்றால் மட்டும். என் போனை என்னைத் தவிர வேறு யாரும் திறக்க முடியாது. வசதி வந்ததும் ஆன் செய்யப் போகிறேன்.

9 அக்டோபர், இரவு 10.40

"நான் ரெண்டு வருஷமா ரேகை வச்சுதானே அனுப்பறேன், இதில் என்ன புதுசு" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. இதுவரை ரேகை ஆப்பைத் திறக்க மட்டும்தான். உள்ளே போனதும் பணம் அனுப்பப் பின் நம்பர் போட்டிருப்பீர்கள், கை பழகிப்போனதால் கவனித்திருக்க மாட்டீர்கள். இப்போது அந்த இரண்டாவது கதவுக்கும் அதே சாவி.

எழுதிவிட்டுப் பார்த்தால், இந்த வாக்கியம் எனக்கே லேசாக உறுத்துகிறது.

11 அக்டோபர்

"என் ரேகை பேங்க்குக்குப் போகுமா?" மூன்று பேர் கேட்டாயிற்று.

போகாது. சென்சார் படிப்பதைப் போனின் சிப்புக்குள் தனியாகப் பூட்டி வைத்த ஒரு பகுதி வாங்கிக்கொள்கிறது. ஐபோனில் அதற்கு செக்யூர் என்க்ளேவ் என்று பெயர். ஆண்ட்ராய்டு போன்களிலும் அதே வேலைக்கு ஒரு பகுதி உண்டு. உள்ளே இருப்பது ரேகையின் போட்டோகூட இல்லை, ரேகையிலிருந்து எடுத்த கணக்கு. ஆப்புக்கும் அது தெரியாது, பேங்க்குக்கும் தெரியாது.

பழைய மண்டிக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். முதலாளியின் முத்திரை கணக்குப்பிள்ளையின் பெட்டிக்குள் இருக்கிறது. முதலாளி வந்து முகம் காட்டினால் கணக்குப்பிள்ளை பெட்டியைத் திறந்து சீட்டில் முத்திரை குத்துவார். சீட்டை வாங்குகிற வெளியூர்க்காரர் முதலாளியைப் பார்த்ததே கிடையாது, முத்திரையைத்தான் பார்ப்பார். போனில் அந்த முத்திரை ஒரு டிஜிட்டல் சாவி. விரல் பொருந்தினால் சிப் அந்தப் பரிவர்த்தனைக்கு முத்திரை குத்துகிறது, பேங்க் அதைச் சரிபார்த்துப் பணத்தை விடுகிறது.

வேடிக்கை என்னவென்றால், நாம் பத்திரம் என்று நம்பும் பின் நம்பர்தான் ஒவ்வொரு தடவையும் வெளியே கிளம்பி பேங்க் வரை போய்ச் சேர வேண்டும். பூட்டிய உறைக்குள்தான் போகிறது, ஆனாலும் போகிறது. ரேகை வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை.

ஆகவே, விரலை மாற்ற முடியுமா என்ற கேள்விக்கு என் பதில்: மாற்ற வேண்டியதில்லை. முத்திரையை அழித்துப் புது முத்திரை செய்துகொள்ளலாம், அதே விரலை வைத்து.

12 அக்டோபர்

விரலை வெட்டிக்கொண்டு போவார்களா என்றெல்லாம் கேட்கிறீர்கள். 2005இல் கோலாலம்பூரில் அது நடந்தது, போனுக்காக அல்ல, காருக்காக. விலை உயர்ந்த காரை ரேகை வைத்துத்தான் கிளப்ப முடியும் என்றதும் திருடர்கள் உரிமையாளரின் விரலையே வெட்டிவிட்டார்கள். ஐயாயிரம் ரூபாய்க்கு யாரும் அவ்வளவு மெனக்கெட மாட்டார்கள் என்று நம்புவோம்.

இன்னொரு கணக்கு கேளுங்கள். முன்பின் தெரியாத ஒருவர் விரல் வைத்துத் தற்செயலாகத் திறக்க 50,000இல் ஒரு வாய்ப்பு என்று ஆப்பிள் சொன்னது. ஆண்ட்ராய்டில் பணம் சம்பந்தப்பட்ட வேலைக்கு ஏற்கப்படும் உயர்தர சென்சாருக்கும் கூகுள் இதே அளவைத்தான் வைத்திருக்கிறது. ஆனால் அது ஒரு விரலுக்கு. ஐந்து விரலைப் பதிந்தால் தோராயமாக 10,000இல் ஒன்று ஆகிவிடும். நான்கு இலக்கப் பின் நம்பரும் 10,000இல் ஒன்றுதான். எத்தனை விரல் பதிகிறோம் என்பது சும்மா விஷயமில்லை.

முகம் காட்டித் திறக்கிற போன் ஏன் பேங்க் ஆப்புக்கு மட்டும் முகத்தை ஏற்பதில்லை என்பதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது. பதினைந்தாயிரம் ரூபாய் போனில் முகத்தைப் பார்ப்பது சாதாரண செல்ஃபி கேமராதான். அதைக் கூகுளே பணத்துக்கு நம்பச் சொல்வதில்லை.

16 அக்டோபர்

கடையில் இன்று ஒரு சண்டை. வேறு எங்கோ டிஸ்ப்ளே மாற்றிய போன். மாற்றினதிலிருந்து ரேகை வேலை செய்யவில்லை, சென்சாரை மாற்றிக் கொடு என்று வந்தார். சென்சாரில் பழுதில்லை. போட்டிருப்பது காப்பி டிஸ்ப்ளே.

திரைக்குள் இருக்கும் ரேகை சென்சார் பெரும்பாலும் ஒரு குட்டிக் கேமராதான். ஓஎல்இடி திரையில் புள்ளிகளுக்கு இடையே வெளிச்சம் கசிய இடம் உண்டு. விரல் வைத்ததும் திரை அந்த இடத்தில் பளிச்சென்று எரிகிறது, விரலில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அந்த இடுக்குகள் வழியே கீழே இறங்குகிறது, கேமரா படமெடுக்கிறது. விலை குறைந்த காப்பியில் ஓஎல்இடிக்குப் பதில் எல்சிடி போட்டிருப்பார்கள். எல்சிடிக்கு முதுகில் பின்விளக்குத் தாள்கள் அடுக்கடுக்காக இருக்கும். சென்சாருக்குக் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி. ஆறாயிரம் ரூபாய் டிஸ்ப்ளேயை இரண்டாயிரத்துக்குப் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் "ரேகை வருமா?" என்ற ஒரு கேள்வியைக் கேளுங்கள். பேச்சு மாறும்.

பவர் பட்டனில் இருக்கும் சென்சார் வேறு ஜாதி. அதற்கு வெளிச்சம் தேவையில்லை. ரேகையின் மேடு பட்டனைத் தொடும், பள்ளத்தில் காற்று இருக்கும், இரண்டுக்கும் மின்தேக்கம், அதாவது மின்சாரத்தைத் தேக்கும் அளவு, வேறு வேறு. அதை வைத்துப் படம் போடுகிறது. கை வியர்த்தால் பள்ளத்தில் தண்ணீர் நின்று மேடும் பள்ளமும் ஒன்றாகிவிடும். திட்டாதீர்கள், துடையுங்கள்.

மூன்றாவது வகை, ஒலியை அனுப்பி எதிரொலியைப் படிப்பது. 2019இல் சாம்சங் கேலக்ஸி எஸ்10 அப்படித்தான் வந்தது. அதன்மேல் மலிவான ஜெல் கவர் போட்ட ஒரு பிரிட்டிஷ் பெண்மணி, யார் விரல் வைத்தாலும் போன் திறக்கிறது என்று கண்டுபிடித்தார். சென்சார் விரலை விட்டுவிட்டுக் கவரின் உட்பக்கப் புள்ளிக் கோலத்தைப் பதிந்துகொண்டிருக்கிறது! கொரியாவில் ஒரு வங்கி, ரேகை வசதியை அணைத்து வையுங்கள் என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்லும் அளவுக்குப் போயிற்று. பிறகு சாஃப்ட்வேர் அனுப்பிச் சரிசெய்தார்கள். அதனால் அப்படிப்பட்ட கவரை எடுத்துவிட்டு, பழைய ரேகையை அழித்துப் புதிதாகப் பதியுங்கள் என்று கடையில் சொல்வேன். திரைமேல் ஒட்டும் டெம்பர் கண்ணாடி என்றால் போட்ட பிறகு பதிவது நல்லது, ஆனால் நல்ல டெம்பராக இருக்க வேண்டும்.

20 அக்டோபர், தீபாவளி

எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து சித்தப்பா மகனுக்கு வாழ்த்து அனுப்பப் போனை எடுத்தால் ஐந்து தடவையும் விரலை மறுத்துவிட்டது. சீயக்காய் இன்னும் கொஞ்சம் போட்டிருக்க வேண்டும். வேறொன்றுமில்லை.

26 அக்டோபர்

என் ஆப்பில் ரேகை வசதி வந்துவிட்டது. ஆன் செய்தேன். அதற்கு முன் 12ஆம் தேதி எழுதின கணக்கு ஞாபகம் வந்து, நம் போனில் எத்தனை விரல் இருக்கிறது என்று செட்டிங்ஸில் போய்ப் பார்த்தேன்.

ஐந்து.

"என் போனை என்னைத் தவிர வேறு யாரும் திறக்க முடியாது" என்று முதல் நாள் எழுதிய வாக்கியத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இரண்டு என்னுடையவை. அந்தப் பக்கத்தில் விரலை வைத்தால் பொருந்துகிற வரி மட்டும் மின்னும், அப்படித்தான் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். மூன்றாவது மனைவியுடையது, அது தெரிந்ததுதான். நான்காவது கடைப் பையனுடையதாகத்தான் இருக்க வேண்டும். பாகம் வாங்கப் போகும்போது நான் வேலையில் இருந்தால் அவனே போனை எடுத்துப் பேசட்டும் என்று பதிந்து கொடுத்திருந்தேன். அவன் வேலையை விட்டு ஆறு மாதமாகிறது. நல்ல பையன், இருந்தாலும் அழித்தேன். அழிக்கும் முன் போன் போட்டு வரவழைத்து, விரலை வைக்கச் சொல்லி, எந்த வரி மின்னுகிறது என்று பார்த்துத்தான் அழித்தேன். டீ குடித்துவிட்டுப் போனான்.

ஐந்தாவது யாருடையது என்று தெரியவில்லை. என் பத்து விரலையும் வைத்துப் பார்த்தேன். மனைவியின் பத்து விரலையும் வைத்துப் பார்த்தேன். அவள் கடைசி விரலில் கோபித்துக்கொண்டாள்.

27 அக்டோபர்

"முதலில் அழியுங்கள், அப்புறம் ஆராய்ச்சி செய்யுங்கள்" என்று ஆளாளுக்குத் திட்டியிருக்கிறீர்கள். நியாயம்தான். வீட்டிலும் அதே உத்தரவு. ஆனால் அழித்துவிட்டால் அது யார் என்று கடைசிவரை தெரியாது. பதினான்கு வருஷமாகப் பழுது கண்டுபிடித்துப் பிழைக்கிறவனுக்கு அது முடியாது.

2 நவம்பர்

திருத்தம். "போனின் லாக் நம்பர் தெரிந்த யாராவது இன்று என் போனில் தன் விரலைப் பதிந்துவிட்டால், நாளை பணம் அனுப்பலாமா?" என்று ஒருவர் கேட்டதற்கு ஆமாம் என்று பதில் போட்டிருந்தேன். தப்பு. ஆப் சரியாகச் செய்யப்பட்டிருந்தால், புது விரல் பதிந்த நிமிஷமே பழைய முத்திரை செல்லாது. கணக்குப்பிள்ளை பெட்டியைப் பூட்டிக்கொண்டு, "புது ஆள் வந்திருக்கிறார், முதலாளி வந்து மறுபடி சொல்லட்டும்" என்று உட்கார்ந்துவிடுவார். மறுபடி பின் நம்பர் போட்டுத்தான் ரேகை வசதியை ஆன் செய்ய முடியும். பேங்க் ஆப்கள் திடீரென்று "உங்கள் பயோமெட்ரிக் மாறியிருக்கிறது" என்று சொல்வது இதனால்தான்.

ஆனால் திருத்தத்துக்குள் ஒரு ஓட்டை உண்டு. வசதியை ஆன் செய்யும் நாளில் ஏற்கெனவே உள்ளே இருந்த விரல்கள் எல்லாம் முதலாளிகள்தான். சிப்புக்கு இது யார் விரல் என்று தெரியாது. பதிந்த விரலா இல்லையா என்று மட்டும்தான் தெரியும். நான் ஆன் செய்தபோது உள்ளே நான்கு இருந்தன. ஒன்று யாரென்று தெரியாமல்.

இன்னொன்று: சில நாள் காலையில் ரேகையை ஏற்காமல் லாக் நம்பரைக் கேட்கிறதே, சென்சார் போய்விட்டதா என்று கடைக்கு வருகிறார்கள். பயப்படாதீர்கள். ஆண்ட்ராய்டில் மூன்று நாளைக்கு ஒரு தடவையாவது, அதாவது 72 மணி நேரத்துக்குள், நம்பரையோ பேட்டர்னையோ போடவைக்கும். மறந்துவிடாமல் இருக்கவும்தான் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

9 நவம்பர்

ஞாயிறு என்பதால் ஊருக்குப் போய் வந்தேன். வேடசந்தூர் பக்கம். அப்பா கொத்தனார். நாற்பது வருஷம் சிமென்ட்.

இந்த இழையில் எல்லோரும் ரேகை திருடு போவதைப் பற்றியே பேசுகிறோம். எங்கள் வீட்டில் கவலை எப்போதுமே எதிர்ப்பக்கம்: ரேகையே இல்லை. ரேஷன் கடைக் கருவியில் அப்பாவின் விரல் விழாது. கட்டைவிரல், ஆள்காட்டி, இடது, வலது, துணியில் துடைத்து, தலைமுடியில் தேய்த்து, ஊதி, மறுபடி. பின்னால் வரிசை. "பெருசு, நாளைக்கு வாங்க." நாளைக்கு மட்டும் புது விரலா முளைக்கும்? பிறகு கண்ணைக் காட்டுகிற கருவி வந்தது. அதற்கு முன்பு அம்மாவின் விரலில்தான் எங்கள் வீட்டு அரிசி வந்தது. அம்மா போன பிறகு ஏழெட்டு மாதம் படாதபாடு.

ஈரச் சிமென்ட் கடுமையான காரம். தோலின் மேல் அடுக்கைத் தின்னும், மணல் மிச்சத்தைத் தேய்க்கும். சில புற்றுநோய் மாத்திரைகளிலும் ரேகை மறையும். கேப்பசிட்டபின் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு சிங்கப்பூர்க்காரரை ரேகை விழவில்லை என்று அமெரிக்க விமான நிலையத்தில் நிறுத்தி வைத்த சம்பவம் 2009இல் மருத்துவ இதழிலேயே வந்தது. பிறப்பிலேயே ரேகை இல்லாத குடும்பங்களும் உண்டு.

முதல் கேள்வி கேட்டவருக்கு இங்கே பாதி மன்னிப்புக் கேட்க வேண்டும். விரலை மாற்ற முடியுமா என்ற உங்கள் பயம் போனுக்குப் பொருந்தாது என்றேன். ஆதாருக்குப் பொருந்தும். ஊரில் ஒருவர் சின்ன மெஷினை வைத்துக்கொண்டு ஆதார் நம்பரும் கட்டைவிரலும் வாங்கிப் பணம் எடுத்துக் கொடுப்பாரே, ஏஇபிஎஸ், அங்கே ரேகை போனுக்குள் அடங்குவதில்லை. மெஷினிலிருந்து கிளம்பி ஆதார் சர்வர் வரை போய்ப் பொருத்திப் பார்க்கப்படுகிறது. உங்கள் போன் தேவையில்லை, பின் நம்பர் தேவையில்லை. நிலப் பத்திரங்களில் வைத்த ரேகையை நகலெடுத்து சிலிக்கானில் வார்த்து அந்த வழியாகப் பணம் எடுத்த வழக்குகள் பல மாநிலங்களில் வந்தன. அங்கே ரேகைதான் சாவி, அதை மாற்றவும் முடியாது. அதற்காகத்தான் ஆதார் ஆப்பில் பயோமெட்ரிக்கைப் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது. பத்திரம் பதிந்தவர்கள் எல்லோரும் பூட்டி வையுங்கள், வேண்டும்போது திறந்துகொள்ளலாம்.

அப்பா வேலையை விட்டு ஒன்றரை வருஷமாகிறது. ரேகையின் அச்சு தோலின் அடியில் இருப்பதால் வேலையை விட்டால் மேலே மெல்லத் திரும்ப வரும் என்பார்கள். அவர் கையைப் பிடித்துப் பார்த்தேன். ஆள்காட்டி விரலில் மங்கலாக ஏதோ கோடு தெரிகிறது. என் கண்ணாடியும் பழசு.

10 நவம்பர்

நேற்று எழுதினதிலிருந்து ஒரு கிளை. "கைநாட்டு" என்று திட்டுவார்களே, படிக்காதவன் என்று பொருள். அப்பாவை ஒரு மேஸ்திரி அப்படிச் சொன்னது எனக்குச் சின்ன வயசு ஞாபகம். இப்போது எம்பிஏ படித்தவனும் பத்து ரூபாய் டீக்குக் கைநாட்டு வைக்கிறான்.

கைநாட்டுக்கும் ஒரு பூர்வ கதை இருக்கிறது. 1858இல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி சாலை போடச் சரளை அனுப்ப ஒப்பந்தம் எழுதினார். ஒப்பந்தக்காரர் ராஜ்யதர் கோனாய். கையெழுத்துப் போட்டுவிட்டு நாளைக்கு "நான் போடவில்லை" என்று சொல்லாதிருக்க, உள்ளங்கையில் மை தடவி அப்படியே தாளில் பதியவைத்தார். ரேகைக்கு ரேகை வேறுபடும் என்ற கணக்கெல்லாம் அப்போது அவருக்குத் தெரியாது. ஆளைக் கொஞ்சம் மிரட்டி வைக்கத்தான் என்று பிறகு அவரே எழுதியிருக்கிறார்.

யூபிஐயில் ரேகை வைத்துவிட்டு "நான் அனுப்பவில்லை" என்றால் பேங்க் என்ன சொல்லும்? ராஜ்யதர் கோனாயிடம் சொன்னதைத்தான்.

23 நவம்பர்

"தூங்கும்போது மனைவி என் விரலை எடுத்து வைத்தால்?" என்று கேட்டவர் சொந்த அனுபவத்தில் கேட்கிறாரா தெரியாது. 2017 நவம்பரில் தோகாவிலிருந்து பாலிக்குப் போன விமானத்தில் இது நடந்தது. தூங்கிக்கொண்டிருந்த கணவரின் விரலை வைத்துப் போனைத் திறந்த மனைவி, உள்ளே வேறொரு கதையைப் படித்துவிட்டார். நடுவானில் ரகளை. அடக்க முடியாமல் விமானத்தை இறக்கினார்கள். எங்கே? நம்ம சென்னையில். கணவன், மனைவி, குழந்தை மூவரையும் இறக்கிவிட்டுப் பாலிக்குப் பறந்துவிட்டது.

அதற்கு முந்தின வருஷம் அமெரிக்காவின் ஆர்கன்சாவில் ஆறு வயசுப் பெண் குழந்தை, தூங்கும் அம்மாவின் கட்டைவிரலை வைத்து 250 டாலருக்குப் பொம்மைகள் வாங்கிவிட்டாள். தானே ஷாப்பிங் செய்ததாகப் பெருமையாகச் சொன்னாளாம்.

கோந்து, ஜெர்மன் கிளப் எல்லாம் முதல் நாள் பெரிசாக எழுதினேன். இப்போது யோசித்தால், ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறவர்களைப் பற்றித்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

7 டிசம்பர்

மானம் போன கதை. மொத்தக் கடையில் டிஸ்ப்ளே, பேட்டரி எல்லாம் எடுத்தேன், பில் 7,400. ஐயாயிரத்துக்கு மேல் என்பதால் ரேகை செல்லாது, பின் நம்பர் கேட்டது. விரல் கீபேட் மேல் நிற்கிறது, நம்பர் வரவில்லை. ஆறு வாரமாக ரேகைதான், பின் நம்பரைத் தொடவே இல்லை. மூன்று தடவை தப்பாகப் போட்டதும் அன்றைக்குப் பூட்டிக்கொண்டது. பின்னால் நின்ற ஆள், "என்னண்ணே, ஊருக்கே லாக் எடுத்துத் தர்றீங்க" என்றார். இரண்டு தவணையாக ரேகை வைத்து அனுப்பலாமே என்று தோன்றியது வீட்டுக்கு வந்த பிறகுதான். கடைக்காரர் நாளைக்குக் கொடுங்கள் என்று விட்டுவிட்டார், தெரிந்தவர்.

புதுப் பின் போட டெபிட் கார்டின் கடைசி ஆறு எண் கேட்டது. கார்டு பீரோவில், காலாவதியாகி. ஆதார் ஓடிபி வழியாகப் போட்டேன். இப்போது வாரத்துக்கு ஒரு தடவை வேண்டுமென்றே பின் நம்பர் போட்டு அனுப்புகிறேன்.

அந்த எரிச்சலில் ஸ்டேட்மென்ட் முழுக்கப் பார்த்தேன். 30 ரூபாய், 40 ரூபாய் என்று ஒரே மளிகைக் கடைப் பெயரில் நாலு வரவு போகாத செலவு. நான் தண்ணீர் பாட்டில் வாங்கியிருப்பேன்.

8 டிசம்பர்

"வரவு போகாத செலவு" என்றால் என்ன என்று கேட்கிறீர்கள். எனக்கும் தெரியவில்லை, தூக்கக் கலக்கத்தில் எழுதியது. நாலு செலவு, அவ்வளவுதான்.

18 ஜனவரி 2026

ஐந்தாவது விரல் கிடைத்துவிட்டது.

பொங்கலுக்குப் போனவன் அங்கேயே தங்கிவிட்டேன். இன்று மதியம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் படுத்திருந்தேன், போன் தலைமாட்டில். அரைத் தூக்கத்தில் பார்க்கிறேன், அப்பா போனை எடுத்தார். ஆள்காட்டி விரலை வைத்தார். திறந்தது. ரேஷன் கடையில் நாலு வருஷமாக விழாத விரல்! சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போனார். நான் அசையாமல் படுத்திருந்தேன். பத்து நிமிஷத்தில் வெற்றிலைக் கட்டும் பாக்குமாக வந்து, போனை எடுத்த இடத்திலேயே வைத்தார். 40 ரூபாய்.

கேட்டேன். அண்ணன் மகன் போன மே லீவில் பதிந்து கொடுத்தானாம், தாத்தா பாட்டுக் கேட்க ஒவ்வொரு தடவையும் அவனைக் கூப்பிடுகிறார் என்று. ஒன்பதாவது படிக்கிறான், என் லாக் நம்பர் அவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. பதிலுக்கு 9 அக்டோபர் குறிப்பைப் பார்க்கவும். மே மாதமே உள்ளே வந்துவிட்டதால், அக்டோபரில் நான் ரேகை வசதியை ஆன் செய்தபோது அப்பாவும் ஒரு முதலாளி.

"காசு எடுக்கிறது தெரியாதாப்பா?"

"கடையில அந்தக் கட்டத்தைக் காட்டுன்னாங்க, காட்டினேன். அது விரல் வைன்னுச்சு, வச்சேன். நம்பர் கேட்டிருந்தா எனக்கு எங்க தெரியும்? இதுலயாவது விழுதேன்னு இருந்துச்சு."

ஸ்டேட்மென்ட்டை மறுபடி பார்த்தேன். எல்லாம் ஞாயிற்றுக்கிழமை. தண்ணீர் பாட்டில் இல்லை.

அழிக்கவில்லை. பட்டியலில் "விரல் 5" என்று இருந்த பெயரை மட்டும் "வெற்றிலை" என்று மாற்றினேன்.

19 ஜனவரி

"ரிஸ்க் இல்லையா, ஒரு தடவைக்கு ஐயாயிரம் வரை போகுமே" என்று கேட்டவருக்கு: அந்தக் கடையில் மொத்தமே அவ்வளவு வெற்றிலை இருக்காது.